ஓரி விட்ட அம்பும் இனிஷியேட்டிவ் வரிசையும்

காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏற 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் போட்டுப் பலகை வைத்திருக்கிறார்கள். குறுகலான மலைச்சாலையில் இரண்டு வண்டிகள் எதிரெதிரே வந்தால் ஏறுகிற வண்டிக்குத்தான் முதல் வழி, இறங்குகிறவர் ஒதுங்கி நிற்கவேண்டும். இது சட்டம். நாங்கள் ஏறிக்கொண்டிருந்தோம். மேலிருந்து ஒரு லாரி ஹாரனை அழுத்திப் பிடித்தபடி வந்தது. எங்கள் ஓட்டுநர் ஒரு வார்த்தை பேசாமல் பின்னால் எடுத்து ஓரங்கட்டினார். "ரூல் நம்ம பக்கம்தானேண்ணா?" என்று கேட்டேன். "ரூல் நம்ம பக்கம், லாரி அவன் பக்கம்" என்றார்.

இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான். யார் முதலில் போவது, அதை யார் முடிவு செய்வது, விதி எதுவும் இல்லையென்றால் என்ன ஆகும்.

ஆடிப் பெருக்கையொட்டி நடக்கும் வல்வில் ஓரி விழாக் கூட்டம் வடிந்த பிறகு, ஐந்து பேர், இரண்டு இரவுகள், செம்மேட்டிலிருந்து கொஞ்சம் தள்ளி ஒரு வீடு. மழை, கரண்ட் போவதும் வருவதுமாக இருந்தது. 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆடத்தான் போனோம். தெரியாதவர்களுக்கு: ஒருவர் கதையை நடத்துவார், அவர் டிஎம். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். கதை பேச்சிலேயே நகரும், சந்தேகமான இடத்தில் டைஸ் உருளும். நான்தான் டிஎம். கதைக்களத்தை ஓரி காலத்துக் கொல்லிமலையாக வைத்திருந்தேன். ஊருக்குள் நுழையும்போதே ஓரி சிலையைப் பார்த்துவிட்டு வந்த உற்சாகம்.

முதல் சண்டையிலேயே வம்பு வந்தது. வில்லாளியாக ஆடிய நண்பன் சொன்னான்: "ஓரி மாதிரியே விடறேன். ஒரே அம்பு. யானை, புலி, மான், பன்றி, உடும்பு."

எங்களில் ஒருவன் விதிப்புத்தகத்தை மனப்பாடமாக வைத்திருப்பவன். எல்லா ஆட்டக்குழுவிலும் இப்படி ஒருத்தன் இருப்பான். "முடியாது. ஒரு ஆக்‌ஷன், ஒரு அட்டாக், ஒரு டார்கெட்."

"மின்னல் மந்திரம் நூறடிக்கு நேர்கோட்டுல இருக்கற எல்லாரையும் அடிக்குது. அம்பு ஏன் அடிக்கக் கூடாது?"

"அது மந்திரம்டா. அதுவுமில்லாம உடும்பு புத்துக்குள்ள இருக்கு. முழு மறைவு. அதைக் குறியே வைக்க முடியாது."

நாற்பது நிமிடம் இந்தச் சண்டை ஓடியது. அந்த நாற்பது நிமிடமும் இன்னொரு தோழி ஒன்றுமே பேசவில்லை. அவளிடம் பிறகு வருகிறேன்.

*

முதலில் விதியின் கதை. டி&டி 1974-இல் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் இருவர் பெயரில் வந்தது. ஆனால் சண்டை விஷயத்தில் அது 1971-இல் வெளியான 'செயின்மெயில்' என்ற பொம்மைப் படை விளையாட்டின் தோளில் ஏறி நின்றது. செயின்மெயிலில் முறை என்பது ஆளுக்கு அல்ல, படைக்கு. இரு பக்கமும் டைஸ் உருட்ட, அதிகம் விழுந்தவர் முதலில் நகர்வதா எதிராளியை நகரவிட்டுப் பிறகு நகர்வதா என்று தேர்ந்தெடுக்கலாம். பிந்திப் போவதும் ஒரு வசதி என்று அந்த விதி உணர்ந்திருந்தது. அதிலேயே மாற்று வழி ஒன்றும் உண்டு. இரண்டு பேரும் உத்தரவுகளை ரகசியமாக எழுதி வைத்து ஒரே நேரத்தில் நகர்த்துவது.

படையிலிருந்து ஆளுக்கு முறை இறங்கி வந்தது பின்னால்தான். 2000-இல் வந்த மூன்றாம் பதிப்பு, இன்று எல்லோருக்கும் பழகிய வடிவத்தை நிலைநிறுத்தியது. இருபது முக டைஸ், கூட உடல் வேகத்துக்கான எண், பெரியதிலிருந்து சிறியதுக்கு வரிசை. ஒரு ரவுண்டு ஆறு விநாடி. அந்த ஆறு விநாடிக்குள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் இயங்குவதாகக் கற்பனை. மேசையில் மட்டும் ஒருவர் பின் ஒருவராகச் சொல்கிறோம்.

கற்பனை ஒன்று சொல்ல, வரிசை இன்னொன்று செய்கிறது என்பது ஆடியவர்களுக்குத் தெரியும். என் முறை வரும்வரை என் பாத்திரம் சிலை மாதிரி நிற்கும். பக்கத்தில் நண்பனின் கழுத்தில் கத்தி இறங்கிக்கொண்டிருக்கும். நான் கைப்பேசியை நோண்டிக்கொண்டிருப்பேன்.

இதனாலேயே நெடுங்காலம் இனிஷியேட்டிவை நான் வெறுத்தேன். கதை பாய்ந்து போய்க்கொண்டிருக்கையில் "எல்லாரும் இனிஷியேட்டிவ் போடுங்க" என்று ஒரு குரல். உடனே ரேஷன் கடை க்யூ. பெயர், எண், அடுத்தது யாரு. கதை செத்துவிடும். சங்கப் பாட்டு எதிலாவது இப்படி க்யூவில் நின்று சண்டை போடுகிறார்களா என்று மேடைப்பேச்சு மாதிரி பேசியும் இருக்கிறேன். அன்றிரவு அந்தப் பேச்சை மறுபடி எடுக்கலாம் என்று கைப்பேசியில் புறநானூறு 152-ஐத் திறந்தேன். வன்பரணர் பாடியது, ஓரியின் அம்பு வரும் பாட்டு.

படித்துக்காட்ட ஆரம்பித்தேன். என் வாதத்துக்கு அது உதவவில்லை.

*

ஓரி அம்பு என்றால் எல்லோருக்கும் தெரிந்தது ஐந்து விலங்குகள் மட்டும். பாட்டில் அது சில வரிகளுக்குள் முடிந்துவிடுகிறது. யானையை வீழ்த்திய அம்பு, புலியின் உயிரை எடுத்து, மானை உருட்டி, பன்றியைச் சாய்த்து, பக்கத்துப் புற்றிலிருந்த உடும்பில் போய்த் தைக்கிறது. நம் விதிப்புத்தக நண்பன் கேட்ட கேள்விகள் எதற்கும் வன்பரணர் பதில் சொல்வதில்லை. ஐந்து மிருகங்களும் எப்படி ஒரே கோட்டில் வந்து நின்றன? யானை விழுந்த சத்தத்தில் மான் ஓடியிருக்காதா?

ஓடாது. ஏனென்றால் வாக்கியம் முடியவில்லை. தமிழில் நாம் "போய், பார்த்து, பேசி, வாங்கி வந்தான்" என்று சொல்லிக்கொண்டே போகலாம். வினையெச்சங்கள் அடுக்கடுக்காக வரும், முற்று கடைசியில்தான். முற்று வரும்வரை இன்னொருவர் நுழைய இடமில்லை. இனிஷியேட்டிவ் வரிசையில் ஒரு முறை என்பது, கறாராகப் பார்த்தால், ஒரு முற்றுவினை. "வெட்டினேன்." நிறுத்தற்புள்ளி. டைஸ் அடுத்தவர் கைக்குப் போகும். வன்பரணர் முற்றைத் தள்ளிப்போடுகிறார், அவ்வளவுதான். மானுக்கு முறையே வராது. இலக்கணத்தில் அதற்கு இடம் ஒதுக்கப்படவில்லை.

வில்லாளி நண்பன் குதித்தான். "பாத்தியா! ஒரே டர்ன்!" அவன் சொன்னது சரிதான். ஆனால் எனக்குப் பிடிபட்டது பாட்டின் மீதிப் பாதி.

அம்பு விட்டவன் யாரென்று பாணர்களுக்குத் தெரியாது. கூலிக்கு வேட்டையாடுகிறவன் மாதிரி தெரியவில்லை, வசதியானவன் போலிருக்கிறது, ஒருவேளை ஓரியோ, இல்லையோ என்று யோசிக்கிறார்கள். சரி, பாடிப் பார்ப்போம் என்று முழவு, யாழ் எல்லாம் எடுத்துப் பாடுகிறார்கள். முறைப்படி பாடி முடித்து அரசனைக் குறிக்கும் சொல்லைச் சொன்னதும் அவனுக்கு வெட்கம் வந்துவிடுகிறது. ஐந்து மிருகங்களை ஒரே அம்பில் சாய்த்த ஆள் தன்னை அடையாளம் கண்டுகொண்டார்களே என்று கூசுகிறான். பிறகு பாணர்கள், நாடெல்லாம் சுற்றி வருகிறோம், உன்னைப்போல் வேட்டுவர் யாருமில்லை என்று சொல்கிறார்கள். அடுத்து என்ன வரும் என்று அவனுக்குத் தெரியும்: எங்களுக்கு இது வேண்டும் என்று கேட்பார்கள். கேட்கவிடவில்லை அவன். வேட்டத்தில் தான் கொன்ற மானின் கறி, மது, தன் மலையில் கிடைத்த பொன், மணிகள் எல்லாவற்றையும் அந்தக் காட்டு வழியிலேயே கொடுத்துவிடுகிறான்.

அவர்கள் முறை வருவதற்கு முன்னால் அவன் முந்திக்கொண்டான். பாட்டில் உண்மையான இனிஷியேட்டிவ் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். அம்பு விடும்போது போட்டிக்கு ஆளே இல்லை, மிருகங்களுக்குத் தெரியவே தெரியாது. இரண்டாம் பாதியில்தான் இரண்டு தரப்பும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். கேட்பது முந்துமா, கொடுப்பது முந்துமா. பாட்டின் நீளத்தில் பெரும்பங்கை வன்பரணர் செலவழித்தது இதற்குத்தான். எங்கள் மேசையில் நாங்கள் நாற்பது நிமிடத்தை அம்புக்குச் செலவழித்தோம்.

விதிப்புத்தகங்கள் மீது எனக்குள்ள பெரிய குறை இதுதான். சண்டைக்கு மட்டும் விநாடிக் கணக்கில் வரிசை வைக்கின்றன. பேச்சுக்கு, கொடுக்கல் வாங்கலுக்கு, ஒருவர் வெட்கப்படுவதற்கு முறை எதுவும் கிடையாது. அங்கெல்லாம் யாருக்குக் குரல் பெரிதோ அவர்தான் முதல்.

*

ஓரி எப்படிச் செத்தான் என்பது இன்னும் விசித்திரம். முள்ளூர் மன்னன் காரி அவனைக் கொன்று கொல்லிமலையைச் சேரனுக்குக் கொடுத்ததாக அகநானூறு 209-இல் கல்லாடனார் சொல்கிறார். சிறுபாணாற்றுப்படை இருவரையும் அவர்கள் குதிரைகளோடு சேர்த்துச் சொல்கிறது. காரியின் குதிரை பெயரும் காரி, ஓரியின் குதிரை பெயரும் ஓரி. (டிஎம் வேலை பார்த்தவர்களுக்கு இது எவ்வளவு குழப்பம் என்று புரியும்.) கபிலர் நற்றிணை 320-இல் இந்தச் சண்டையைத் தொடுகிறார், அதுவும் உவமையாக. ஓரியைக் கொன்றுவிட்டு அவன் ஊரின் பெருந்தெருவில் காரி நுழைந்தபோது எழுந்த ஆரவாரம் போல ஊரே பேசுகிறது என்கிறார். தெருவில் ஓர் இளம்பெண் நடந்து போனதை ஊர் பேசுவதற்கு இது உவமை.

ஒரு வள்ளலின் சாவு, ஒரு மலையின் கைமாற்றம், கிசுகிசுவின் இரைச்சலுக்கு ஒப்பாகச் சொல்லப்படுகிறது. யார் முதலில் வேல் எறிந்தார், எத்தனை நாழிகை நடந்தது, எதுவும் இல்லை. வேட்டைக்கு அடுக்கு வினை கிடைத்தது, சாவுக்கு ஒரு பெயரெச்சம் கிடைத்தது. எந்தச் சண்டையை முறை முறையாக ஆடிப் பார்க்கவேண்டும், எதை "அவன் செத்தான்" என்று சொல்லிவிட்டுத் தெருச் சத்தத்துக்குப் போகவேண்டும் என்ற தேர்வு கபிலருக்கு இருந்தது. பெரும்பாலான டிஎம்களுக்கு, என்னையும் சேர்த்துத்தான், இது வருவதில்லை. வாள் உருவினால் உடனே வரிசை எழுத ஆரம்பித்துவிடுகிறோம்.

முறையைப் பற்றி யோசித்த சங்கப் புலவர் ஒருவர் உண்டென்றால் அவர் இடைக்குன்றூர் கிழார். தலையாலங்கானத்தில் பாண்டியன் நெடுஞ்செழியனை எதிர்த்து வந்தவர்கள் சேரன், சோழன், ஐந்து வேளிர். ஏழு பேர். ஒருவனை ஒருவன் கொல்வதும் தோற்பதும் உலகத்தில் புதிதில்லை, ஏழு பேரை ஒருத்தன் எதிர்த்ததை இன்றுதான் கேள்விப்படுகிறோம் என்கிறார் 76-ஆம் பாட்டில். 79-ஆம் பாட்டில் இன்னும் கூர்மை. வந்தவர்களோ நிறையப் பேர், பகல் பொழுதோ ரொம்பச் சின்னது, சிலர் பிழைத்துவிடுவார்களோ என்று கேட்கிறார்.

எனக்கு இதைப் படித்தபோது சிரிப்பு வந்தது. டி&டி ஆட்டக்காரர்கள் பல வருடமாக மாரடிக்கிற பிரச்சினை இதேதான். ஐந்து வீரர்கள் ஒரு டிராகனை எதிர்த்தால் டிராகன் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் தோற்றுவிடும். ஏனென்றால் அவர்களுக்கு ஒரு ரவுண்டுக்கு ஐந்து முறை, அதற்கு ஒன்று. 2014 பதிப்பு இதற்கு ஒரு ஒட்டு போட்டது. பெரிய மிருகங்கள் மற்றவர் முறை முடிகிற இடத்தில் இடையில் புகுந்து சின்னச் சின்னக் காரியங்கள் செய்யலாம் என்றது. ஒட்டுதான், ஆனால் வேலை செய்கிறது. கிழாரோ கணக்கைத் தலைகீழாக்குகிறார். பாண்டியன் ஜெயிப்பானா என்ற கேள்வியே அவருக்கு இல்லை. அவனுக்குப் போதுமான முறைகள் இருக்கின்றனவா, அதற்குள் பொழுது சாய்ந்துவிடுமா என்பதுதான் கவலை.

ஆடுபுலி ஆட்டம் இதற்கு வேறொரு விடை வைத்திருக்கிறது. புலி மூன்று, ஆடு பதினைந்து. ஆனால் முறை மாறி மாறித்தான்: ஆட்டுப் பக்கம் ஒன்று, புலிப் பக்கம் ஒன்று. பதினைந்து ஆடுகளுக்கும் சேர்த்து ஒரே நகர்வு. ஆளுக்கு ஒரு முறை என்று வைத்தால் புலி முதல் சுற்றிலேயே அடைபட்டுவிடும். எங்கள் பாட்டி திண்ணையில் கரியால் கோடு போட்டு இதை ஆடுவார். "ஆடு நெறய இருக்குன்னு ஏமாந்துறாத, ஒண்ணு நகந்தா மிச்சம் பதினாலும் சும்மாதான் நிக்கும்" என்பார்.

*

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இலக்கணக்காரர்கள் மன்னிக்கவும். ஆநிரை கவர்வது வெட்சி, மீட்பது கரந்தை என்று பள்ளியில் படித்திருப்போம். தொல்காப்பியத்தில் கரந்தை தனித் திணையில்லை, வெட்சிக்குள்ளேயே அடங்கும். கவர்தலும் மீட்டலும் ஒரே நிகழ்ச்சி. பின்னால் வந்த ஐயனாரிதனாரின் புறப்பொருள் வெண்பாமாலைதான் கரந்தையைத் தனியாகப் பிரித்து, அதற்கு ஒரு பூவையும் ஓர் இடத்தையும் கொடுக்கிறது. கோட்டையை வளைப்பதும் காப்பதும்கூட அங்கே உழிஞை, நொச்சி என்று இரண்டாகிவிடுகின்றன. அடியும் பதிலடியும் ஒரே மூச்சா, இல்லை தனித்தனி முறைகளா? செயின்மெயில் காலத்திலிருந்து விளையாட்டு வடிவமைப்பாளர்கள் மண்டையை உடைத்துக்கொள்ளும் கேள்வி நம் இலக்கணத்திலும் இருந்திருக்கிறது. என் மனசு தொல்காப்பியர் பக்கம்தான் சாய்கிறது. ஆனால் மாடு பறிகொடுத்தவன் பக்கத்திலிருந்து பார்த்தால் ஐயனாரிதனார் செய்ததற்கும் ஒரு நியாயம் இருக்கிறது. அவனுக்கென்று ஒரு பூ வேண்டாமா?

இந்த இடத்தில்தான் நான் அந்தத் தோழியைப் பற்றிப் பேசவேண்டும்.

முதல் நாள் இரவு அம்புச் சண்டை முடிந்ததும், "இனிஷியேட்டிவே வேண்டாம், கதை போற போக்குல போவோம்" என்று நான் அறிவித்தேன். ஆதரவாகச் சொல்ல நிறைய இருந்தது. வின்சென்ட் பேக்கரின் 'அபோகலிப்ஸ் வேர்ல்டு' 2010-லேயே வரிசையைத் தூக்கிப்போட்டுவிட்டது. 2025-இல் வந்த 'டேகர்ஹார்ட்'டிலும் வரிசை கிடையாது, யார் வேண்டுமானாலும் பேசலாம், டைஸ் சறுக்கினால் ஆட்டம் டிஎம் கைக்கு வரும். 2012-இன் 'மார்வெல் ஹீரோயிக்'கில், ஆடி முடித்தவர் அடுத்தவரைக் கைகாட்டுவார். எல்லாமே அழகான யோசனைகள். மூன்று மணி நேரம் ஆடினோம். அருவியில் ஒரு துரத்தல், மிளகுத் தோட்டத்தில் ஒரு பதுங்கல். நான் நடத்தியதிலேயே சிறந்த ஆட்டம் என்று நினைத்துக்கொண்டு தூங்கப்போனேன்.

காலையில் காபி போடும்போது அவளிடம், "நேத்து எப்படி?" என்றேன்.

"நல்லா இருந்துச்சு. நான் ரெண்டு தடவை பேசினேன். எண்ணிக்கிட்டேதான் இருந்தேன்."

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குச் சங்கடமாக இருந்தது. யோசித்துப் பார்த்தேன். அவள் வாயைத் திறந்தபோதெல்லாம் வில்லாளி நண்பன் முந்தியிருக்கிறான். நான் அவனைப் பார்த்துத் தலையாட்டியிருக்கிறேன், ஏனென்றால் அவன் சொல்வது கதையை வேகமாக நகர்த்தியது. நான் க்யூ என்று கேலி செய்தேனே, அந்த க்யூ இருந்தபோது டைஸ் அவளுக்கு 18 போட்டால் அவள்தான் முதல். 3 போட்டாலும் கடைசியில் நிச்சயம் அவள் பெயர் வரும், எல்லோரும் வாயை மூடிக்கொண்டு அவளைப் பார்க்கவேண்டும். ரேஷன் கடையில் க்யூ வேண்டாம் என்று சொல்பவன் பெரும்பாலும் கடைக்காரரைத் தெரிந்தவன்.

டேகர்ஹார்ட் எழுதியவர்களுக்கு இது தெரியாமலில்லை. விரும்பினால் ஆளுக்கு மூன்று டோக்கன் வைத்துக்கொண்டு, எல்லோருடையதும் தீரும்வரை யாரும் கூடுதலாகப் பேசாமல் பார்த்துக்கொள்ளும் வழியையும் அதிலேயே கொடுத்திருக்கிறார்கள். நான்தான் அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போயிருந்தேன். கைகாட்டும் முறையும் லேசுப்பட்டதல்ல. நண்பர்கள் நண்பர்களையே கைகாட்டுவார்கள். பள்ளிக்கூட கபடிக்கு ஆள் எடுக்கும்போது கடைசியில் நின்றவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை.

அதற்காக ஆறு விநாடி ரவுண்டு சரியென்று கட்சி மாறிவிட்டேன் என்றும் சொல்லமாட்டேன். அது இன்னமும் மந்தமாகத்தான் இருக்கிறது. வன்பரணரின் அம்பு அதற்குள் பறக்காது, கபிலரின் தெருச் சத்தம் அதில் கேட்காது. ஆனால் வரிசையை எடுக்கிறவன் அதற்குப் பதிலாக எதை வைக்கிறான் என்று இப்போது முதலில் கேட்கிறேன். ஒன்றும் வைக்காவிட்டால் அங்கே லாரி வரும்.

இரண்டாம் இரவு இனிஷியேட்டிவைத் திரும்பக் கொண்டுவரலாம் என்று சொன்னேன். அவள் வேண்டாம் என்றாள்.

"என் கேரக்டரை மாத்திக்கறேன். நான் கொல்லிப்பாவை."

கொல்லிப்பாவையைச் சங்கப் புலவர்கள் பலர் பாடியிருக்கிறார்கள், பெரும்பாலும் தலைவியின் அழகுக்கு உவமையாக. தெய்வம் செய்து வைத்த பாவை, காற்றும் மழையும் இடியும் வந்தாலும் தன் வடிவு குலையாதது. சிரித்தே ஆளைக் கொல்லும் என்பது வழிவழியாக வரும் கதை. மலையில் இன்று எட்டுக்கை அம்மனைக் காட்டி அதுதான் கொல்லிப்பாவை என்கிறார்கள்.

"அதுக்கு இனிஷியேட்டிவ் எவ்வளவு?" என்று கேட்டான் விதிப்புத்தகக்காரன், பென்சிலை எடுத்து.

"கிடையாது. நான் உருட்ட மாட்டேன், வரிசையிலயும் நிக்க மாட்டேன். யாராவது என்னை நிமிர்ந்து பார்த்தா, அது என் முறை. யார் டர்னா இருந்தாலும் சரி."

புத்தகத்தில் அப்படி எதுவும் இல்லை. அவன் என்னைப் பார்த்தான். நான் சரி என்றேன்.

கரண்ட் மறுபடி போயிருந்தது. மெழுகுவத்தியை நடுவில் வைத்தோம். வில்லாளி நண்பன் வழக்கம்போல ஆரம்பித்தான், பாதி வாக்கியத்தில் கண்ணைத் தாழ்த்திக்கொண்டான். ஒரு மணி நேரம் போல எல்லோரும் மேசையையே பார்த்தபடி, மெதுவாக, ஒருவர் முடிக்கும்வரை மற்றவர் காத்திருந்து பேசினோம். அவள் டைஸைத் தொடவேயில்லை, அன்னாசித் துண்டுகளைத் தின்றுகொண்டு உட்கார்ந்திருந்தாள். கடைசியில் எனக்குத்தான் பொறுக்கவில்லை, நிமிர்ந்துவிட்டேன்.